தலைமை ஆசிரியரை அமர்த்தும் பெற்றோர்

சிகாகோவின் அரசுப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியர் இடம் காலியானால், அடுத்தவர் யார் என்று முடிவு செய்வது பெரும்பாலும் கல்வித் துறை மேலிடம் அல்ல. அந்தப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உட்கார்ந்திருக்கும் ஒரு மன்றம். இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் 1988இல் இயற்றிய சட்டம் இந்த மன்றங்களை உருவாக்கியது. தொடக்கத்தில் பெற்றோர் 6 பேர், வட்டாரவாசிகள் 2 பேர், ஆசிரியர்கள் 2 பேர், தலைமை ஆசிரியர் என்று 11 பேர். உயர்நிலைப் பள்ளியானால் கூடவே ஒரு மாணவர். (அங்கே உயர்நிலை என்றால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை.) தேர்தல் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். தலைமை ஆசிரியருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம். அதைப் புதுப்பிப்பதா, வேண்டாமா என்பது மன்றத்தின் கையில்.

இத்தனை அதிகாரத்தைப் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்த பெருநகரக் கல்வித் துறைகள் உலகில் அரிது. நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்குத் தந்தது. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தரவில்லை. சிகாகோவுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? விரக்தியிலிருந்து. 1987இல் ஆசிரியர் வேலைநிறுத்தம் 19 நாள் நீடித்தது. அதே ஆண்டு அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட், நாட்டிலேயே மிக மோசமானவை சிகாகோ பள்ளிகள்தான் என்று பகிரங்கமாகச் சொன்னார். மேலிடத்தின் மீது யாருக்கும் நம்பிக்கை மிச்சம் இல்லாத நேரம் அது. 1989 அக்டோபரில் நடந்த முதல் தேர்தலில் ஏறத்தாழ 17,000 பேர் போட்டியிட்டார்கள். அடுத்த தேர்தலிலேயே அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

மன்றத்தின் மீது சட்டம் சுமத்திய வேலைகளை இரண்டு கூறாகப் பிரிக்கலாம். மாணவர்களின் கல்வித் தேர்ச்சியைக் கண்காணிப்பது ஒன்று. பள்ளி வளாகத்தின் நடைமுறைகளைப் பற்றி முடிவெடுப்பது அல்லது ஆலோசனை சொல்வது மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

முதலில் தேர்ச்சி. ஆண்டுதோறும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்று மன்றத்தின் முன் வரும். இலக்குகள், விழுக்காடுகள், நிதி ஒதுக்கீடு என்று பக்கம் பக்கமாக இருக்கும் அதைத் தயாரிப்பவர் தலைமை ஆசிரியர். படித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டியவர்களோ மாலையில் வேலை முடித்துப் பள்ளி நூலகத்துக்கு வந்து சேரும் பேருந்து ஓட்டுநரும் மருத்துவமனை ஊழியரும். இயற்கணிதத்தில் ஏன் இத்தனை பேர் தோற்றார்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்பவர்தான் அந்தப் புள்ளிவிவரத்தையும் கையில் வைத்திருக்கிறார். கண்காணிக்கப்படுபவர் கொடுக்கும் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்காணிப்பது எங்கேயும் நடந்ததில்லை.

மன்றங்களை ஆதரிப்பவர்கள் 1990களின் ஆய்வுகளைக் காட்டுவார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு 1997இல் வெளியிட்ட கருத்தாய்வு, மன்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவை நன்றாக இயங்குவதாகவும், 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே கடுமையான சிக்கலில் இருப்பதாகவும் சொன்னது. ஊழலும் கூச்சலும்தான் மிஞ்சும் என்று ஆரூடம் சொன்னவர்களுக்கு அது சரியான பதில். ஆனாலும் அந்த முடிவு பெருமளவு உறுப்பினர்களே தங்களைப் பற்றிச் சொன்னதை நம்பியது. தன் கூட்டம் உருப்படியாக நடக்கவில்லை என்று எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்?

இதைவிடக் கனமான சான்று கல்வி ஆய்வாளர் அந்தோணி பிரிக்கும் அவருடைய சகாக்களும் 2010இல் வெளியிட்ட நூல். தலைமை, பெற்றோருடனும் ஊருடனும் உள்ள உறவு, ஆசிரியர் திறன், பள்ளிச் சூழல், பாடத்திட்ட ஒழுங்கு என்ற ஐந்தும் சேர்ந்து வலுவாக இருந்த பள்ளிகளே முன்னேறின என்று அவர்கள் காட்டினார்கள். மன்ற ஆதரவாளர்கள் இதை மேற்கோள் காட்டும்போது இரண்டு செய்திகளை மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். வறுமையும் குற்றமும் மிகுந்த, ஊர் அமைப்புகள் நலிந்த வட்டாரங்களில் அந்த முன்னேற்றம் அரிதாகவே நிகழ்ந்தது. அதாவது மன்றம் யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களுக்கே குறைவாகப் பயன்பட்டது. இரண்டாவது, அந்த ஆய்வு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியது. உயர்நிலைப் பள்ளி மன்றங்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

உயர்நிலைப் பள்ளிகளின் கதை வேறு. 1995இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தி, பள்ளிகளின் கடிவாளத்தை மேயர் ரிச்சர்ட் எம். டேலியிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு 109 பள்ளிகள் தேர்ச்சிக் குறைவுக்காகத் தனிக் கண்காணிப்பில் வைக்கப்பட்டன; அவற்றில் 38 உயர்நிலைப் பள்ளிகள். நகரிலிருந்த உயர்நிலைப் பள்ளிகளில் இது ஏறக்குறைய பாதி. அப்படி வைக்கப்பட்ட பள்ளியில் தலைமை ஆசிரியரை மாற்றும் அதிகாரம் மேலிடத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் நன்றாகப் படித்தால் பெற்றோருக்கு அதிகாரம், படிக்காவிட்டால் பறிப்பு என்ற இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படவில்லை. தேர்ச்சியை உயர்த்தும் கருவி எதையும் மன்றத்திடம் கொடுக்காமல், உயரவில்லை என்ற பழியை மட்டும் கொடுத்தார்கள்.

பிறகு தேர்ச்சி உயர்ந்ததே? உயர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஏறத்தாழ பாதிப்பேரே பள்ளி முடித்து வெளியே வந்தார்கள். 2020களில் அது 80 விழுக்காட்டைத் தாண்டியது. இதற்கு அதிகம் பேசப்படும் காரணம் ஒன்பதாம் வகுப்பைக் குறிவைத்த ஓர் அளவுகோல். ஆண்டு முடிவில் 5 பாடங்களுக்குரிய கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோற்றிருக்கக் கூடாது. இதைத் தாண்டும் பிள்ளை நான்கு ஆண்டில் பள்ளி முடிக்கும் வாய்ப்பு, தாண்டாத பிள்ளையைப்போல் மூன்றரை மடங்கு என்று ஆய்வாளர்கள் எலெய்ன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005இல் எழுதினார்கள். சரியும் பிள்ளை யார் என்று பெயர் பெயராகப் பார்த்துப் பிடித்து நிறுத்தியவர்கள் ஆசிரியர்கள். பட்டியலைக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்களும் மேலிடமும். மன்றங்கள் இதில் முன்னின்றதாகச் சொல்ல இடமில்லை. இத்தனைக்கும் பாமரப் பெற்றோர்கூடப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கக்கூடிய எளிய எண் அது. நூறு பக்கத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவதைவிட அந்த ஓர் எண்ணை மாதாமாதம் கேட்பது உருப்படியான கண்காணிப்பாக இருந்திருக்கும்.

வளாகக் கொள்கைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. சீருடை, ஒழுங்கு, வருகை ஆகியவற்றில் மன்றத்தின் குரலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவையெல்லாம் சில்லறை. உண்மையான சோதனை 2020இல் வந்தது. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, பள்ளிக்குள் போலீஸ்காரர் நிற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நகரக் கல்வி வாரியம் தானே முடிவெடுக்கத் தயங்கி, உயர்நிலைப் பள்ளி மன்றங்களிடம் அதைத் தள்ளியது. 72 பள்ளிகளில் 17 மன்றங்கள் வேண்டாம் என்றன. 55 இருக்கட்டும் என்றன. வாரியம் கைகழுவியது என்று திட்டியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு: கறுப்பின மாணவர்களே அதிகமாகக் கைதானார்கள் என்ற புகார் நகரம் முழுவதற்கும் உரியது. அதை ஒவ்வொரு பள்ளியின் கைதூக்கலுக்கு விடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே.

ஆனாலும் அந்தக் கூட்டங்களில் நடந்த விவாதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாசலில் சண்டை நடந்தால் யாரைக் கூப்பிடுவது, அந்தப் போலீஸ்காரர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பவரா அல்லது விலங்கு மாட்டுபவரா என்பதெல்லாம் அந்தந்தப் பள்ளிக்காரருக்கே தெரிந்த விஷயம். தேர்ச்சிப் புள்ளிவிவரத்தின் முன் வாயடைத்து நின்ற அதே பெற்றோர் இங்கே விவரம் அறிந்து பேசினார்கள். அடுத்த ஆண்டுகளில் பல பள்ளிகள் மாற்றுப் பாதுகாப்புத் திட்டம் வகுத்துப் போலீஸைத் தாங்களாகவே விலக்கிக்கொண்டன. 2024 பிப்ரவரியில் வாரியம் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் போலீஸை நீக்க வாக்களித்தது. மிச்சமிருந்த 39 பள்ளிகளின் மன்றங்களுக்கு அதற்குமேல் பேச்சு இல்லை. முடிவு சரியாகவே இருக்கலாம். சிக்கலான நேரத்தில் கொடுத்து, வசதியான நேரத்தில் பிடுங்கிக்கொண்ட முறை சரியல்ல.

மாணவருக்கு நடந்தது இதைவிட வருத்தம். போலீஸ், சீருடை, ஒழுங்கு எல்லாமே அவர்களுடைய அன்றாடம். அந்த மேசையில் அவர்களுக்குக் கிடைத்ததோ ஒற்றை நாற்காலி. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கச் சட்டப்படி அந்த நாற்காலிக்கு வாக்கும் இல்லை. பின்னர் மாணவர் இடங்கள் கூடின. கூடியும் பெற்றோரின் எண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியரை எடைபோடத் தெரியாது என்பவர்கள், நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்காத வட்டாரவாசிக்கு அது தெரியும் என்று எப்படி நம்புகிறார்கள்?

ஆக, தீர்ப்பு கலவையானதுதான், மங்கலானது அல்ல. கல்வித் தேர்ச்சியை மேற்பார்வையிடும் அமைப்பாக உயர்நிலைப் பள்ளி மன்றம் தோற்றது. தோற்றதன் பழியில் பெரும்பங்கு சட்டத்துக்கு. தலைமை ஆசிரியரை அமர்த்தி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அவரைப் பதில் சொல்ல வைக்கும் அமைப்பாக அது தேறியிருக்கிறது. மேலிடத்தைப் பார்த்தே பழகிய ஒரு பதவியைப் பள்ளிவாசலைப் பார்க்க வைத்தது அதன் சாதனை. வளாக நடைமுறையில் அதற்குத் தகுதி உண்டு, ஆனால் உறுதியான உரிமை இல்லை. மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் என்ற சடங்கை நான் எடுத்துவிடுவேன். ஒப்பந்தக் கையெழுத்தை எந்த மேயர் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது நிலைமை இன்னும் இறுகுகிறது. நகரக் கல்வி வாரியத்துக்கே 2024 நவம்பரில் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 21 பேர் கொண்ட அந்த வாரியம் 2027 ஜனவரியில் முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகிவிடும். இதுவரை மக்களின் வாக்கு பெற்றவர்கள் நாங்கள்தான் என்று மேயரின் நியமனங்களிடம் மன்றங்கள் சொல்ல முடிந்தது. இனி எதிரில் உட்காரும் வாரிய உறுப்பினரும் அதையே சொல்வார். அவருக்கு விழுந்த வாக்குகள் பல மடங்கு அதிகமாக இருக்கும்.