பதிவேறிய தேவாரமும் பாடாந்தரங்களும்

முதல் ஏழு திருமுறைகளில் உள்ள ஏறத்தாழ எண்ணூறு தேவாரப் பதிகங்களில் பெரும்பகுதியை இன்று இணையத்தில் கேட்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007இல் ‘கணினித் தேவாரம்’ குறுந்தகட்டை வெளியிட்டது. தருமபுர ஆதீனத்தின் இணையதளம் பன்னிரு திருமுறைகளையும் உரையோடும் பல மொழி எழுத்துப்பெயர்ப்போடும் தருகிறது. தேவாரத்தைப் பெருமளவில் பாடிப் பதிவுசெய்த தருமபுரம் ப. சுவாமிநாதனின் குரல் இப்போது உலகமெங்கும் கேட்கிறது. இவற்றைக் கொண்டு, பண்ணிசை இனி அழியாது, அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று விழா மலர்களிலும் மேடைகளிலும் வாதிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வாதம் தவறானது.

பதிவுகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஓதுவாரே இல்லாத ஊரில் வளரும் பிள்ளைக்கு அவை பண்ணை அறிமுகம் செய்கின்றன. கனடாவிலோ மலேசியாவிலோ உள்ள கோயிலில் பாட ஆசைப்படுபவருக்கு வேறு துணை எளிதில் அமையாது. மறைந்த ஓதுவார்களின் குரல்களும் அவற்றால்தான் எஞ்சியிருக்கின்றன.

ஆனால் தேவார இசை ஒரே மெட்டாக என்றும் இருந்ததில்லை. கௌசிகப் பண்ணைப் பைரவி ராகமாகவும், புறநீர்மையைப் பூபாளமாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பாடுவது மரபு. ஆயினும் அந்த ராகத்துக்குள் எங்கே நிற்பது, எந்தச் சொல்லை நீட்டுவது, சீரை எங்கே பிரித்து மூச்சு வாங்குவது என்பவை ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடும். தாளமின்றிப் பாடும் சுத்தாங்கத்தில் இந்த வேறுபாடு இன்னும் விரியும். தாளத்தோடு அமையும் பண்ணாங்கத்திலும் கட்டளை என்னும் யாப்பமைதிக்கேற்ப நடை மாறும். இப்படித் தாம் பயின்ற முறையை ஓதுவார் தம் ஆசிரியரின் பாடாந்தரம் என்கிறார். பண்ணுக்கு ராகம் எது என்பதிலேயே கருத்து வேற்றுமை உண்டு. தமிழிசைச் சங்கத்தில் 1949 முதல் நடந்துவரும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் எழுந்ததே அதனால்தான்.

இணையப் பதிவு இந்தப் பன்மையைச் சுருக்கிவிடுகிறது. ஒரு பதிகத்துக்கு ஒரு பதிவு எளிதில் கிடைத்தால், அதுவே மூலபாடம் ஆகிவிடுகிறது. மாணவர் அதைக் கேட்டுப் பாடுகிறார்; முதியவர் ஒருவரின் குரல் தளர்ந்து தடுமாறிய இடத்தையும் சேர்த்தே பாடமாக்கிக்கொள்கிறார். எதிரே அமர்ந்து கேட்டுத் திருத்த ஆசிரியர் இல்லை. வேறு பாடாந்தரத்தில் பயின்றவர் பாடும்போது, “பதிவில் அப்படி இல்லையே” என்று கேட்கும் அளவுக்கு இந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. பெரும் உழைப்பால் உருவான ஒரு பதிவு, அதைப் பாடியவர் ஒருபோதும் கேட்டிராத அதிகாரத்தைப் பெற்றுவிடுகிறது.

இணையத்தில் சுற்றிவரும் பதிவுகளோடு வரும் குறிப்புகளின் வறுமை, நிலையை மேலும் மோசமாக்குகிறது. கோளறு பதிகத்தின் எண்ணற்ற பதிவுகளில், அதன் பண் பியந்தைக்காந்தாரம் என்று சொல்பவை சிலவே. பாடுபவரின் ஆசிரியர் யார், எந்த மடத்து வழி, எந்தக் கோயிலில் பயின்றார் என்பவற்றை ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. இந்த விவரமில்லாமல் பாடாந்தரங்களை ஒப்பிடவும் முடியாது. ஒன்று மறைந்தால் மறைந்ததை அறியவும் முடியாது. தேடுவோர் விரும்பும் கோளறு பதிகமும் திருநீற்றுப் பதிகமும் புதிது புதிதாக மின்னிசைக் கருவிகளின் முழக்கத்தோடு ஏறிக்கொண்டேயிருக்க, யாரும் தேடாத தலத்துப் பதிகங்களுக்கு இரண்டாவது குரல் கிடைப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு கோயிலில் நேர்கிறது. பூசை வேளையில் சந்நிதியில் நின்று, திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கி, தேவாரம் முதல் பெரியபுராணம் வரை பஞ்சபுராணம் பாடுவது ஓதுவாரின் பணி. பகற்பண்ணா இராப்பண்ணா என்பதை வேளை பார்த்துத் தேர்வதும் அவர் பொறுப்பே. இன்று ஓதுவார் இல்லாத கோயில்களில் ஒலிபெருக்கி பாடுகிறது. பூசை முன்பின்னானாலும் அது தன் வரிசையை மாற்றாது. அந்த ஒலி இருப்பதாலேயே ஓதுவார் இல்லாத குறை யாருக்கும் உறைப்பதில்லை. பண்ணிசை காப்பாற்றப்பட்டுவிட்டது என்ற பேச்சு, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்குச் சமாதானமாகிறது.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளந்தான். அவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடையவரை அமர்த்த வேண்டும் என்றும் அக்கோயில் கல்வெட்டு விதிக்கிறது. பாடுபவருக்கு அடுத்துப் பாடப்போகிறவர் யார் என்பதே அங்கே முதற்கவலை. இணையத் திட்டங்களில் இந்தக் கவலையைக் காண்பது அரிது. ஒரே பதிகத்தை வெவ்வேறு ஆசிரியர் வழியில் வந்த நான்கு ஓதுவார்களைப் பாடவைத்து, பண், கட்டளை, ஆசிரியர் பெயர் ஆகியவற்றோடு பதிவிடுவது இயலாத காரியமன்று. கருவிகளுக்கும் விழாக்களுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு, அந்த நால்வரிடமும் மாணவரை அமர்த்தி உதவித்தொகை தரப் போதும்.