பழைய மாருதிக்குப் புது மூக்கு

வரிச்சிக்குடியில் சாலையோரம் பானெட்டைத் திறந்து நின்றது ஒரு பழைய மாருதி 800. ஏர் ஃபில்டர் மூக்கில் பிவிசி பைப். சூட்டில் இளகாதபடி ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிப்போய் கிரில் பக்கம் வாய் திறந்திருந்தது. வாயில் கொசுவலை. மூட்டில் சைக்கிள் டியூப் துண்டு, இரண்டு கிளிப். இன்ஜின் குலுங்கினால் ரப்பர் நெளிகிறது, பைப் அசையவில்லை. கைதட்டத் தோன்றியது அங்கேதான்.

பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றுக்குப் பதில் வெளிக்காற்றை இழுக்கத்தான் இந்தப் பைப். காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும். ஆக்சிஜனும் அந்த அளவுக்கு. சமவெளியில் தெரியாது, பாலம் ஏறும்போது தெரியலாம். (தெரிகிறது என்று உரிமையாளர் சாதிப்பார்.)

ஐப்பசி மழைதான் வம்பு. வாய் தாழ்ந்திருந்தால் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். உரிமையாளர் பைப்பின் வாயை ஹெட்லைட்டுக்கு மேலேயே வைத்திருக்கிறார்.