நல்ல கரகரப்பு

வால்வு ஆம்ப்ளிஃபயர் பித்துப் பிடித்தவர்கள் கிட்டாரைச் செருகும் முன்பே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சுவிட்சைப் போட்டதும் சத்தமே வராது. வால்வுக்குள் இழை சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்புறம் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய உறுமல் ஒன்று எழும். அதன் சுருதியைப் பிடித்தால் பாதி நோய் தெரிந்துவிடும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. உறுமலும் 50 என்றால் ஹீட்டர் ஒயரையோ எர்த் போகும் வழியையோ சந்தேகப்பட வேண்டும். 100 என்றால் ஃபில்டர் கண்டன்சர் ஓய்ந்துவிட்டது. அலையின் இரண்டு பாதிகளையும் ரெக்டிஃபயர் ஒரே பக்கம் திருப்புவதால் 50 இரட்டிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. கிட்டாரின் தடித்த தந்தியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தி மீட்டினால் வருவது 98. உறுமல் அதோடு ஏறக்குறைய சேர்ந்தால் கண்டன்சரை மாற்றிவிட வேண்டியதுதான். அமெரிக்கப் புத்தகம் படித்துக் கற்றவர்கள் 60, 120 என்று தேடிக்கொண்டிருப்பார்கள், பாவம்.

ஃபெண்டர் நிறுவனம் 1950களில் செய்த ‘சாம்ப்’ வகைச் சின்னப் பெட்டிதான் எனக்குப் பிடித்தது. சர்க்யூட் ஒரு தாளில் அடங்கிவிடும்: முன்னே ஒரு 12ஏஎக்ஸ்7, பின்னே ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3. 6வி6 வால்வின் பழைய தகவல் தாளைப் பார்த்தால் 250 வோல்ட்டில், 5,000 ஓம் சுமைக்கு, நாலரை வாட் கிடைக்கும் என்று இருக்கும். பக்கத்திலேயே சிதைவு 8 சதவீதம் என்றும் இருக்கும். ஹைஃபை ரசிகர் அந்த எண்ணைக் கண்டாலே முகம் சுளிப்பார். கிட்டார்க்காரருக்கோ விருந்தே அங்குதான் தொடங்குகிறது. மெதுவாகத் தொட்டால் தந்தி சுத்தமாகப் பேசும். ஓங்கி மீட்டினால் வால்வு தாங்காமல் அலையின் தலையை மழுக்கும். மழுங்கிய அலைக்குள் புது சுரங்கள் முளைக்கும்: இரண்டு மடங்கில் மேல் சட்ஜம், மூன்று மடங்கில் அதற்கும் மேலே பஞ்சமம். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூலை மயிரிழை நகர்த்தி நகர்த்தி ரீங்காரத்தை வரவழைப்பார்களே, அதே காரியம்தான் இது. ஜீவாவும் ஒரு கோளாறுதான், ஆனால் இடம் பார்த்து வைத்த கோளாறு. வேண்டிய கோளாறை வைத்துக்கொண்டு வேண்டாததை விரட்டத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இது எட்டாத பொழுதுபோக்கு அல்ல. தகடு வளைக்க, துளை போட, பவுடர் கோட்டிங் அடிக்க ஆள் தேடி அலைய வேண்டாம். சில்லறைச் சாமான்களுக்கு மின்சார ரயிலேறிச் சென்னை போனால் ரிச்சி தெரு இருக்கிறது. வால்வு மட்டும் இப்போது ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வர வேண்டும்.

ஆனால் இந்தப் பெட்டியின் உயிர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் இருக்கிறது. வால்வு 5,000 ஓம் கேட்கிறது, ஸ்பீக்கரோ 8 ஓம். 5,000ஐ 8ஆல் வகுத்தால் 625, அதன் வர்க்கமூலம் 25. ஆக, ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்றுக்கு வால்வு பக்கம் 25 சுற்று. கணக்கு சுலபம், கட்டுவதில்தான் வித்தை. ப்ரைமரியில் பாதியைச் சுற்றி, அதன் மேல் செகண்டரி முழுவதையும் சுற்றி, மீதிப் பாதியை அதற்கும் மேலே சுற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கிட்டாரின் மேல்தந்திக் கூர்மை செத்துவிடும். அடுத்து கோர். ஸ்டெபிலைசர் காயில் கட்டியே கை பழகியவர் ‘ஈ’ தகட்டையும் ‘ஐ’ தகட்டையும் மாற்றி மாற்றித்தான் அடுக்குவார். “அண்ணே, ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் ஒரு பக்கம், நடுவுல ஒரு பேப்பர்” என்றால் ஏற இறங்கப் பார்ப்பார். “கேப் விட்டா வேலைக்கு ஆகாது தம்பி.” ஸ்டெபிலைசருக்கு அவர் சொல்வது சரி. இங்கே ஒற்றை வால்வின் டிசி சுமார் 40 மில்லி ஆம்பியர் ஓயாமல் ப்ரைமரி வழியே ஓடுகிறது. அந்தக் காகித இடைவெளி இல்லையென்றால் கோர் அதிலேயே நிறைந்து திணறும், அடித்தந்தியின் கனம் முழுக்கக் காணாமல் போகும்.

உள்ளூர்ச் சாமானில் செய்தால் ‘அசல்’ சத்தம் வராது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் தன் ஆட்களை வைத்துச் செய்ததும் ஃபெண்டர் பாஸ்மேனின் நகல்தான். அங்கே கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், அங்கே கிடைத்த ஸ்பீக்கர். அந்த நகலிலிருந்துதான் ராக் இசைக்கே ஒரு புதுக் குரல் பிறந்தது. 5ஒய்3 பற்றிய புகழ்ச்சியையும் பாதிதான் நம்ப வேண்டும். ஓங்கி மீட்டினால் மின்னழுத்தம் சரிந்து மெல்ல மீளும் அந்த ‘மூச்சு’ இரட்டை வால்வுப் பெட்டிகளில்தான் நன்றாகத் தெரியும். ஒற்றை வால்வு இழுக்கும் மின்னோட்டம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை.

பழுது பார்க்க உட்காரும்போது முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும் முந்நூற்றுச் சொச்சம் வோல்ட்டை ரெசிஸ்டன்ஸ் வழியே வடிப்பது. அடுத்து, மறுபடி மின்சாரம் கொடுத்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 6வி6இன் கேத்தோடில் மீட்டரை வைக்க வேண்டும். அங்கே 470 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். 19 வோல்ட் காட்டினால் ஓடுவது 40 மில்லி ஆம்பியர், கவலையில்லை. 28 காட்டினால் 60. வால்வின் பிளேட் இருட்டில் செம்பருத்தி நிறத்தில் தெரியும். வால்வைக் குறை சொல்லுமுன் அதைக் கழற்றிவிட்டு பேஸில் கிரிட் காலை அளந்து பார்ப்பது நல்லது. அங்கே டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு வோல்ட் எட்டிப் பார்த்தாலும் முன்னாலிருக்கும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது என்று அர்த்தம். கரகரப்பு விட்டு விட்டு வந்தால் காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஈயப் பற்றாகத் தட்டிப் பார்க்கலாம். தட்டும்போது மணிபோல் ஒலித்தால் வால்வுக்குள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. இன்னொன்று, லைன் வோல்ட்டேஜ். 220க்குச் சுற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மரை, லோடு குறைந்த ராத்திரியில் 250 வரும் லைனில் மாட்டினால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.1க்கு மேல் போகும். வால்வின் ஆயுள் அதில் கரையும்.

இந்தச் சத்தம் நமக்குப் புதிதல்ல. பெரியபாளையத்து ஆடித் திருவிழாவிலும் ஊர்க் கல்யாணங்களிலும் குழாய் ஸ்பீக்கரில் அலறிய பழைய மைக் செட்டுகளும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களே. வால்வுகளை பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆலை பிலிப்ஸின் கூட்டுறவோடு 1961 முதல் இங்கேயே செய்தது. அதன் இஎல்84ஐயும் இசிசி83ஐயும் வெளிநாட்டு கிட்டார்க்காரர்கள் இன்று தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். இசிசி83தான் நம் 12ஏஎக்ஸ்7, பெயர்தான் ஐரோப்பாவுக்கு வேறு. நாமோ அந்த மைக் செட்டுகளைக் காயலாங்கடையில் போட்டோம். கடைக்காரர் செம்பைப் பிரித்துத் தனியாக விற்றார்; இரும்புத் தகடுகள் உலைக்குப் போயின. தப்பியது ஏதாவது கண்ணில் பட்டால் எடைக்கு எடை கொடுத்தாவது வாங்கிவிடலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ப்ரைமரியின் நடு முனையிலிருந்து இரண்டு பக்கமும் ஓம் ஏறத்தாழச் சமமாகக் காட்டுகிறதா என்று அங்கேயே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். காட்டினால் இரட்டை வால்வுப் பெட்டிக்கு அப்படியே மாட்டலாம். சாம்புக்கு மட்டும் அது ஆகாது. தகட்டைப் பிரித்து, பேப்பர் வைத்து, அந்த அண்ணனிடமே மறுபடி போக வேண்டும்.