கேளுங்க, கேளுங்க

நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், கச்சேரிக்கும் எழுதுகிறோம். காலை முதல் இரவு வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும் எஃப்.எம். வானொலிக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. அது வியாபாரம், கலையல்ல என்று ஒதுக்கிவிட்டோம் போலிருக்கிறது. பாத்திரங்களைப் பேச வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆகவே அந்தப் பேச்சில் எனக்கு அக்கறை உண்டு. பாட்டுகளை விட்டுவிடுகிறேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் தமிழைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அகில இந்திய வானொலி கோயமுத்தூருக்கு 1966இல் வந்தது. அதற்கு வெகு முன்பே நம் பக்கத்து ஜனங்கள் வர்த்தக ஒலிபரப்புக்குப் பழகியிருந்தார்கள். அது கொழும்பிலிருந்து வந்தது. 1952க்குப் பிறகு, அமைச்சர் கேஸ்கரின் காலத்தில், இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஏறக்குறைய விலக்கி வைத்தது. ரசிகர்கள் இலங்கைக்குத் திருப்பிக்கொண்டார்கள். மயில்வாகனமும், பின்னால் அப்துல் ஹமீதும் பேசியது கொங்குத் தமிழ் அல்ல. ஆனால் அது எந்த ஊரிலோ வேர் விட்ட தமிழ். ழகரம் ழகரமாக விழும். அதைக் கேட்டு நாம் அந்நியமாக உணரவில்லை.

அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசாங்கத்தின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 1999இல் தனியாருக்கு வழி திறந்தது. முதல் சுற்றில் நாடு முழுவதும் 12 ஊர்களில்தான் நிலையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் சென்னை, திருநெல்வேலி, பிறகு நம் கோயமுத்தூர். இங்கே சூரியன் எஃப்.எம். வந்தது. 2005ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பிறகு மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி எல்லாம் வந்து சேர்ந்தன.

"கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்ற சூரியனின் அழைப்பை நான் நெடுநாள் யோசித்ததுண்டு. 'கேளுங்க' என்ற சொல் எங்கள் காதுக்கு வீட்டுச் சொல். பெற்ற பிள்ளையையே 'வாங்க, போங்க' என்கிற பூமியல்லவா இது! ஆனால் 'கேட்டுக்கிட்டே' என்பது எங்களுடையதல்ல. இங்கே 'கேட்டுட்டே' என்போம். பாதி வீடு, பாதி வெளி. அந்த ஒரு வாக்கியத்திலேயே இந்த நிலையங்களின் குணம் முழுவதும் இருக்கிறது.

ஒரு பெரிய காரியத்தை இவை செய்தன. அதை மறுப்பது அநியாயம். நேயரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச வைத்தன. சோமனூரில் தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே ஒருவர், "ஏனுங், தறி ஓட்டிட்டு இருக்கறனுங்" என்கிறார். எந்த நாவலாசிரியனும் அந்த வாக்கியத்தை இவ்வளவு சுத்தமாக எழுதிவிட முடியாது. முன்னெல்லாம் எழுதி அனுப்பிய கடிதத்தை அறிவிப்பாளர் தம் தமிழில் படிப்பார். இப்போது நேயரின் குரலே வானில் ஏறிற்று.

குறை எதிர்ப்புறத்தில் இருக்கிறது. தொகுப்பாளர் பேசும் தமிழுக்கு ஊரே இல்லை. சென்னையிலும் நெல்லையிலும் கோவையிலும் அதே வேகம், அதே சிரிப்பு. கொங்குப் பேச்சு அவர் வாயில் வரும்போது 'என்னங்ணா' என்று வேடிக்கைக்காக வருகிறது. கோவை சரளா சினிமாவில் சிரிக்க வைத்த பேச்சை இவர்கள் சிரிப்புக்கு மட்டுமே உரியதாக ஆக்கிவிட்டார்கள்.

பழி முழுவதையும் தொகுப்பாளர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. முதல் சுற்று உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவிகிதம் ஏறியது. 2005இல்தான் அதை வருமானத்தில் 4 சதவிகிதம் என்று மாற்றினார்கள். சொந்தமாகச் செய்தி சொல்லவும் அனுமதி இல்லை. நொய்யலில் சாயக்கழிவு ஓடிய ஆண்டுகளில், அதைச் செய்தியாகச் சொல்ல முடியாத நிலையத்துக்கு ஊரைப் பற்றிப் பேச என்ன மிஞ்சுகிறது? போக்குவரத்து நெரிசலும் நகைக்கடையும்தான். விளம்பரத்தில் மட்டும் ஒப்பணக்கார வீதியும் கிராஸ்கட் ரோடும் தவறாமல் வருகின்றன.

ஒரு மாலை, பெயர் வேண்டாம், ஏதோ ஒரு நிலையத்தில் அவிநாசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் பேசினார். வீட்டுக்கு ஒரம்பரை வந்திருக்கிறது, அவர்களுக்காக ஒரு பாட்டுப் போடுங்க என்றார். "ஒரம்பரையா? அப்படின்னா என்னங்க?" என்று தொகுப்பாளர் சிரித்தார். கெட்ட எண்ணமில்லை, தெரியாமல்தான் கேட்டார். அம்மாள் ஒரு கணம் தயங்கி, "கெஸ்ட்" என்றார். பிறகு பேசி முடிக்கும் வரை ஒரு 'ங்' கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கேட்ட பாட்டைப் போட்டார்கள்.