வடிவமைப்பு மாணவரும் ஆய்வுக் கட்டுரைத் திறனாய்வும்: எழுத்துச் சீர்திருத்த வாதத்தை முன்வைத்து

1. சிக்கல்

வடிவமைப்பு பயிலும் மாணவர் செய்யும் பணிகளுள் பெரும்பாலானவை ஆக்கப் பணிகள். எழுத்துரு வரைதல், நூல் அட்டை அமைத்தல், பயன்பொருள் உருவாக்கல் ஆகியவற்றில் அவர் கை பழகியிருக்கும். பிறர் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதன் கொள்கையையும் சான்றையும் பிரித்தறிந்து, எழுத்தில் மதிப்பிடுதல் அவருக்குப் புதிது. இப்பயிற்சி பல வேளைகளில் 'நிறைகள், குறைகள்' என்னும் இரு தலைப்பு வாய்பாடாகச் சுருங்கிவிடுகிறது. இவ்வாய்பாடு போதாது என்பதும், இதனினும் நுட்பமான கருவி தமிழ் இலக்கண மரபில் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. சூழல்

மும்பை இவ்வாய்வுக்கு ஏற்ற களம். பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் தொழில்துறை வடிவமைப்பு மையம் தொடங்கப்பட்டது. இந்திய எழுத்துருக்கள் குறித்து உழைத்த ஆர். கே. ஜோஷி அங்குப் பேராசிரியராக இருந்தார். தேவநாகரி அச்செழுத்துக் கலை பற்றிய பாபுராவ் நாயக்கின் விரிவான நூல் 1971-இல் இந்நகரிலேயே வெளிவந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பழைய குடியிருப்புகளோடு, தானே கழிமுகத்தின் கீழ்க்கரையில் உள்ள ஐரோலியிலும் தமிழர் வாழ்கின்றனர். ஐரோலியில் வாழ்ந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மராத்தியும் கற்று, வடிவமைப்பு பயிலும் ஒரு மாணவரைக் கருதுவோம். இரண்டு எழுத்து முறைகளை அறிந்திருத்தல் அவருடைய தனி வலிமை. எனினும், திறனாய்வை அவர் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதக் கற்கிறார்.

3. ஒரு சான்று

இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்கள் 72-க்கும் சீரான குறிகள் வேண்டும் என வா. செ. குழந்தைசாமி நெடுங்காலம் வலியுறுத்திவந்தார். கோவையில் 2010-இல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தையொட்டி இக்கருத்துக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. இத்தகைய வாதத்தை முன்வைக்கும் கட்டுரையொன்றை நம் மாணவர் மதிப்பிட நேர்ந்தால் என் செய்வார்?

முதலாவதாக, 'எழுத்து' என்னும் சொல்லை அவர் ஆராய்தல் வேண்டும். தமிழெழுத்துகள் 247 என்பது இலக்கணக் கணக்கு. அச்சுக்கும் கற்றலுக்கும் வேண்டிய வடிவங்களின் கணக்கு வேறு. முன்னதைச் சான்றாகக் காட்டிப் பின்னதன் சுமையை நிறுவ இயலாது.

இரண்டாவதாக, கட்டுரையின் உண்மைப் பகுதியை ஏற்றல் வேண்டும். கு, சு, து, மு ஆகிய நான்கிலும் உகரம் நால்வகை வடிவம் பெறுகிறது. இச்சீரின்மை மறுக்கத்தக்கதன்று.

மூன்றாவதாக, தீர்வைச் சோதித்தல் வேண்டும். நான்காம் வேற்றுமை உருபு, ஒன்றன்பால் விகுதி, வினையெச்சங்கள் பல உகரத்தில் முடிவன. உகரக் குறி எழுத்தின் பக்கத்தில் தனியே நிற்குமாயின் வரியின் நீளம் கூடும். எவ்வளவு கூடும் என்பதை ஒரே பத்தியை இரு முறையிலும் அச்சமைத்து அளந்து காணலாம். இஃது இலக்கண அறிஞரைவிட வடிவமைப்பாளருக்கு எளிதில் கைகூடும் சோதனை.

நான்காவதாக, தேவநாகரியில் உகரக் குறி எழுத்தின் கீழ்ச் சீராக அமைகிறது. ரகரத்துக்கு மட்டும் பக்கத்தில் வரும். ஆதலின் சீர்மை கற்றலை எளிதாக்குமா என்பதை மராத்தி மாணவரிடம் காணலாம் எனத் தோன்றும். ஆனால் தேவநாகரியில் கூட்டெழுத்துகள் மிகுதி. இக்காலத் தமிழில் அவை இல்லை எனலாம். ஒரு கூறை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடல் முறையாகாது. ஐரோலி மாணவரின் இருமொழி அறிவு இங்கே ஒப்புமையைக் காட்டுவதோடு அதன் எல்லையையும் காட்டுகிறது.

4. எழுவகை மதம்

மேற்கூறிய படிகள் 'நிறை, குறை' என்னும் வாய்பாட்டுள் அடங்கா. நன்னூலார் கூறும் எழுவகை மதத்துள் அவை பொருந்தி நிற்கின்றன. உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தான் ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்ட இடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறர் கொள்கையைச் சாராது தன் கொள்கை கொள்ளுதல் என்பன அவை. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்கள் இவற்றுட் சிலவற்றுக்கு நல்ல இலக்கியம். எனினும் ஒரு குறையும் உண்டு. மறுப்புக்கு அளவீடும் சோதனையும் வேண்டும் என்று இப்பட்டியல் வற்புறுத்தவில்லை. அதனை வடிவமைப்புத் துறையே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. மொழிபெயர்ப்பாளர் கடன்

ஆங்கிலக் கட்டுரைகளில் பிறர் கருத்தைச் சுட்டும் வினைகள் பல. தமிழாக்கத்தில் அவையனைத்தும் 'கூறுகிறார்' என ஒன்றாகிவிடுவதுண்டு. கருதுகிறார், ஐயுறுகிறார், வாதிடுகிறார், நிறுவுகிறார் என்பன ஒருபொருட் கிளவிகள் அல்ல. ஐயுற்றதை நிறுவியதாக மொழிபெயர்த்தால், மாணவர் மறுக்க வேண்டிய இடம் மறைந்துபோகும்.

இது வெறும் நடைச் சிக்கலன்று. பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் 13 எழுத்துகள் 1978-இல் தமிழ்நாட்டு அரசாணையாயின. ணை, லை, ளை, னை முதலிய அவ்வடிவங்களே பாடநூல்களில் நிலைபெற்றுள்ளன. எழுத்து பற்றிய வாதம் ஆணையாகுங்கால் அதன் விளைவு தலைமுறைகளைத் தொடரும். ஆதலின் அத்தகைய வாதங்களைத் தமிழிலேயே, சான்றோடு மதிப்பிடவல்ல வடிவமைப்பாளரை உருவாக்குதல் வேண்டும். வடிவமைப்புக் கல்வியில் தமிழ்த் திறனாய்வுக் கட்டுரை ஒன்றையேனும் தேர்வுக்குரிய பணியாக ஏற்பது அதற்குத் தொடக்கமாக அமையும்.