துடைப்பமும் அனுபவந்தான்

இது ஒரு கேள்விப்பட்டியலின் மீதான விமர்சனம். திருத்தணிப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் 'அனுபவவழிக் கற்றலும் மாணவர் ஈடுபாடும்' என்று ஆய்வு செய்கிறார். செடி நட்டுக் கற்கிறார்களா, சந்தைக்குப் போய்க் கணக்குப் போடுகிறார்களா என்றெல்லாம் அக்கறையோடு கேட்கிறார். பள்ளிக்கூடத்துக் கக்கூசை யார் கழுவுவது என்ற கேள்வி மட்டும் இல்லை.

செய்து கற்பது நமக்கொன்றும் புதுசில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் அதைத்தானே சொன்னது? கிராமத்துப் பிள்ளைக்கு தினம் 3 மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். வீட்டில் புத்தகம் இருந்தவனுக்கு மீதி நேரமும் படிப்பு; நமக்குப் பண்ணையார் வீட்டுச் சாணி. குலக்கல்வி என்று பெரியார் போராடினார். 1954இல் காமராசர் அதை ஒழித்துக்கட்டினார்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் வேற மாதிரி. வாத்தியார் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. கடைசி பெஞ்சு இல்லாமல் போனது சின்ன விசயமில்லை. ஆனால் உட்காரும் இடம் மாறினால் துடைப்பம் பிடிக்கிற கை தானாக மாறிவிடுமா?

ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் இது. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல செப்டம்பர் 5 அன்னிக்கு ஊர்ப் பிள்ளைங்க வாத்தியாருக்கு மாலை போடுவாங்க. முந்தின நாளே எல்லாத்தையும் கூட்டிக் கழுவி வைக்கிறது காலனிப் பிள்ளைங்க நாங்க. 'உங்களுக்குத்தான்டா இது நல்லா வரும்' என்பார்கள். நாங்களும் ஓடியோடிச் செய்தோம். ஈடுபாட்டுக்கு மார்க் போட்டிருந்தால் நூத்துக்கு நூறு வாங்கியிருப்போம்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறான 'ஜூட்டன்' 1997இல் வந்தது. மற்ற பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்க, அவரைப் பள்ளி முழுக்கப் பெருக்க வைத்தவரும் ஒரு தலைமையாசிரியர்தான். ஆக இது திருத்தணிக் கதை மட்டுமில்லை.

அனுபவக் கல்வி என்றால் ஆய்வாளர்கள் முதலில் சொல்லும் பெயர் ஜான் டூயி. கொலம்பியாவில் அம்பேத்கருக்குப் பாடம் நடத்தியவர். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கிற அனுபவம் கல்விக்கே எதிரி என்று 1938இல் எழுதினார். செடி நடுகிறவனுக்கு அடுத்து தாவரவியல் திறக்கிறது. துடைப்பம் பிடிக்கிறவனுக்கு அடுத்தும் துடைப்பந்தான்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளை 10 நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் போய்க் கற்கச் சொல்கிறது. போகட்டும். ஊர்ப் பிள்ளை காலனிக்கு வந்து பறை காய்ச்சக் கத்துக்குமா? காலனிப் பிள்ளை அர்ச்சகரிடம் பூசை கத்துக்கலாமா? ரெண்டும் நடக்காதென்றால் அது குலக்கல்விதான், பேர் வேற.

ஆய்வு செய்ய வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கக்கூஸ் கழுவுவது யார், குடிதண்ணீரை மொண்டு கொடுப்பது யார், அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை விட்ட பாடம் எது: இந்த மூன்றையும் கேளுங்கள். பதில்களைச் சாதிவாரியாகப் பிரித்து வையுங்கள். ஈடுபாட்டை அதற்குப் பிறகு அளக்கலாம்.