சீரான குறை, சீரற்ற மிகை

இயர்போன் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை முதல் அடியிலேயே பிசகிவிடுகின்றன. ஒலியளவு சமப்படுத்தப்படுவதில்லை. ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும், காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். எட்டிமோட்டிக் இ.ஆர்.4 எஸ்.ஆர்., சென்ஹைசர் ஐ.இ. 600 இரண்டையும் எடைபோடுவோர் இதில் இன்னும் எளிதாகச் சிக்கக்கூடும். விவரத்தாளில் முன்னதன் உணர்திறன் எண், பின்னதன் எண்ணான 118 டெசிபலைவிட ஏறத்தாழ இருபது குறைவு. அத்தனை பெரிய இடைவெளி என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் முதல் எண் 0.1 வோல்ட்டுக்கு உரியது, இரண்டாவது 1 வோல்ட்டுக்கு. ஒரே அளவுகோலில் வைத்தால், ஆயிரம் ஹெர்ட்ஸில் இரண்டும் ஏறத்தாழச் சமம். அப்படியும் ஐ.இ. 600 உரத்து ஒலிப்பதாகப் படுவதற்கு அதன் பாஸ் எழுச்சியே காரணம். ஆகவே குரலின் அளவைச் சமப்படுத்திய பிறகு கேட்டதை மட்டுமே இங்கு கணக்கில் கொள்கிறேன்.

இ.ஆர்.4 வரிசை 1991-இல் தொடங்கியது. அதை உருவாக்கிய மீட் கில்லியன் செவித்திறன் ஆய்விலிருந்து வந்தவர். காதை அடைத்ததும் செவிக்குழலின் இயல்பான ஒத்ததிர்வு மாறிவிடுகிறது. அந்த இழப்பை இயர்போனே ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் அணுகுமுறையின் அடித்தளம். 2016-இல் வந்த எஸ்.ஆர். அதே கொள்கையை ஒற்றை பேலன்ஸ்ட் ஆர்மச்சர் டிரைவரில் தொடர்கிறது. ஐ.இ. 600 வந்தது 2022-இல். 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர், உள்ளே அதிர்வைக் கட்டுப்படுத்தும் சிற்றறைகள், ஸிர்கோனியம் கலந்த உலோகக் கூடு. கூட்டின் பெருமை நம் தீர்ப்புக்கு உதவாது. 46.5 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும் என்ற அறிவிப்பும் அப்படியே. மனிதச் செவி 20-ஐத் தாண்டுவதில்லை. எட்டிமோட்டிக் 16 கிலோஹெர்ட்ஸோடு நிற்பது குறைதான், சிறிய குறை. ஜால்ராவின் கடைசி மினுக்கம் அதில் கொஞ்சம் மங்கும்.

சோதனைக்கு மிருதங்கத்தை எடுத்துக்கொண்டேன். ஒரே வாத்தியத்தின் இரு முகங்கள் ஒலி நிறமாலையின் இரு கோடிகளைத் தொடுவதால், இயர்போனின் ஒருமைப்பாட்டை இதைவிடக் கறாராகச் சோதிப்பது கடினம். வலது முகமான வலந்தலையில் இ.ஆர்.4 அசாத்தியமானது. மீட்டுச் சொல்லின் சுருதி, விரல் தோலை விட்டு எழும் கணம், சாப்பின் ரீங்காரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன, வாத்தியமும் சிதறுவதில்லை. இடது முகமான தொப்பியில் அதே நேர்மை மெலிவாகிவிடுகிறது. கும்கியின் வழுக்கல் துல்லியமாகக் கேட்கிறது, அதன் கனம் வந்து சேர்வதில்லை. ஐ.இ. 600-இல் நிலைமை தலைகீழ். தொப்பி முழு உடம்போடு நிற்கிறது, அடியின் தொடக்கமும் குழம்புவதில்லை. வலந்தலையிலோ சிணுங்கல் தேவைக்கு மேல் முன்னால் வந்து நிற்கிறது.

எட்டிமோட்டிக்கில் பாஸே இல்லை என்ற வழக்கமான புகார் தவறு. முனை சரியாகப் பொருந்தி அடைத்துவிட்டால் அது 20 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய மட்டமாகவே இறங்குகிறது. உண்மையான பிழை அந்த மட்டத்திலேயே இருக்கிறது. பதிவுகள் அறைக்குள் ஸ்பீக்கர்களில் கேட்டுச் சமன்செய்யப்படுபவை. அறை தன் பங்குக்குக் கீழ் அதிர்வெண்களை உயர்த்துகிறது. காதுக்குள் ஒலிப்பதற்கு அந்த உதவி இல்லை. ஒலியியல் ஆய்வாளர் ஷான் ஆலிவும் ஹார்மன் ஆய்வுக் குழுவும் கேட்போரை வைத்துச் செய்த சோதனைகளில் பெரும்பாலோர் பாஸ் எழுச்சியை விரும்பியதை வெறும் ருசி என்று தள்ளிவிட முடியாது. இந்த இடத்தில் கொள்கையளவில் சரி சென்ஹைசர்தான்.

ஆனால் ஐ.இ. 600 பாஸோடு நிற்கவில்லை. குரல் ஓர் அடி பின்வாங்கியிருக்கிறது, ட்ரெபிளில் ஒரு முகடு எழுகிறது. இளையராஜாவின் 1986 ஆல்பமான 'ஹௌ டு நேம் இட்?'-இல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடங்களில் இதைக் கவனிக்கலாம். அந்த உயரத்தில் ஒரு ஸ்வரத்தின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்கும். ஒரு ஸ்வரத்தின் மேற்சுரம் முகட்டில் விழுந்து பளிச்சிடும், அடுத்ததன் மேற்சுரம் விலகி மங்கும். வில் ஒரே சீராக ஓடுகிறது, தொனி மட்டும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுகிறது. அதே ஆல்பத்தில் பேஸ் கிட்டாருக்கும் செல்லோக்களுக்கும் ஐ.இ. 600 தரும் பருமனையும், வாத்தியங்களுக்கு இடையே அது திறந்துவிடும் இடத்தையும் எட்டிமோட்டிக்கால் தர இயலாது. எட்டிமோட்டிக்கில் இசைக்குழு முழுவதும் நெற்றிக்குள் நெருக்கி அமர்ந்துவிடுகிறது.

ஆக, ஒன்றின் பிழை சீரான குறை, மற்றதன் பிழை சீரற்ற மிகை. முன்னதில் கீழ்ப்பகுதி ஒட்டுமொத்தமாகத் தாழ்ந்திருந்தாலும் குரலின் சுருதிக்கும் மேற்சுரங்களுக்கும் உள்ள உறவு கலையவில்லை. சில நிமிடங்களில் காது பழகிக்கொள்கிறது. பின்னதில் அந்த உறவே ஸ்வரத்துக்கு ஸ்வரம் அசைகிறது, அதற்குக் காது பழகுவதில்லை. குரலையும் வயலினையும் மையமாகக் கொண்ட கேட்பனுபவத்துக்கு என் தீர்ப்பு இ.ஆர்.4 எஸ்.ஆர். பக்கம். அறிமுக விலையில் அது மற்றதன் பாதி என்பதை இந்தத் தீர்ப்பில் நான் சேர்க்கவில்லை. மின்னணு பாஸை நம்பி நிற்கும் இன்றைய திரையிசையையே பெரும்பாலும் கேட்பீர்கள் என்றால் ஐ.இ. 600-ஐத் தேர்வதில் தவறில்லை. அங்கே அதன் முகடு செய்யும் கெடுதல் குறைவு, அடித்தளம் செய்யும் நன்மை அதிகம்.

ஒரு நிபந்தனை உண்டு. எட்டிமோட்டிக்கின் மூவடுக்கு முனையைச் செவிக்குழலுக்குள் ஆழமாகச் செலுத்தாவிட்டால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. அடைப்பு கசிந்ததும் பாஸ் போய்விடும், ட்ரெபிள் கூர்மையாகிவிடும். அந்த ஆழத்தைப் பொறுக்காத காதுகள் உண்டு. கேபிள் சட்டையில் உரசும் ஓசையும் நேரே உள்ளே வரும். தொப்பியின் மெலிவைத் தாங்காதவர்களுக்கு, 2016-இலேயே கூடவே வெளிவந்த இ.ஆர்.4 எக்ஸ்.ஆர். இருக்கிறது: அதே கட்டமைப்பு, சற்றே உயர்த்திய பாஸ். அது கனத்தைக் கொஞ்சம் மீட்டுத் தரும், இசைக்குழுவின் நெருக்கத்தைத் தளர்த்தாது.